பழைய பத்திரம் சொல்லும் சொந்தம்!

பத்திரம் என்றால் சொத்துக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எங்க ஆச்சியின் தகரப் பெட்டியில் கிடந்த 1938-ஆம் வருடப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எழுத்துக் கூட்டிப் படித்த பிறகுதான், அது ஒரு வம்ச வரலாறு என்று புரிந்தது.

பத்திரத்தில் வெறும் பெயர் வராது. ‘இன்னார் குமாரர் இன்னார்’, ‘இன்னார் பாரியாள் இன்னார்’ என்று ஊரோடு வரும். ஆகவே ஒரே வரியில் இரண்டு பேருக்குள்ள உறவு தெரிந்துவிடும்.

கல்யாணப் பதிவில் தேடலாமே என்பீர்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணத்தையும் பதிவது கட்டாயமானதே 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதற்கு முந்திய காலத்துக்குப் பல வீடுகளில் பத்திரம்தான் சாட்சி. அயர்லாந்திலும் 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து ஏராளமான பதிவுகள் அழிந்தன. 1708-இல் தொடங்கிய பத்திரப் பதிவகம் தப்பியது. அதிலுள்ள கல்யாண ஒப்பந்தங்களை வைத்து அங்கே முன்னோர்களைத் தேடுகிறார்கள்.

எங்கள் பத்திரத்தில் குற்றாலம் ரோட்டு நிலத்தின் கிழக்கு எல்லையாக, ‘சகோதரிக்குத் தானமாக விட்ட நிலம்’ என்றிருந்தது. தாத்தாவுக்கு ஓர் அத்தை இருந்ததே எங்களுக்குத் தெரியாது! சர்வே நம்பரைக் கொடுத்து வில்லங்கம் போட்டோம்; பத்திர எண் கிடைத்தது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவுப்படி, கட்டணம் கட்டி நகலும் வாங்கினோம். அதில் அவர் செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட விவரம் இருந்தது.

அப்பா தேடிப் போனார். “தென்காசியில நமக்கு ஆளு இருக்குன்னு பாட்டி சாகுற வரைக்கும் சொன்னா” என்றாராம் அவருடைய பேரன்.

நண்பர்களே, இந்த லீவில் உங்கள் வீட்டுப் பெட்டியையும் திறந்து பாருங்கள்!