காருக்கு மேலே ஒரு கண்ணாடித் தோல்: கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கும்?

யட்டவத்தயிலிருந்து மாத்தளைக்குத் தினமும் போய்வரும் ஒரு காரின் பொனட்டைக் காலை வெயிலில் குனிந்து பாருங்கள். முன் விளிம்பில் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். முன்னால் போன லொறியின் சில்லு தெறித்த கற்கள் விட்ட தடம் அது. கூரையில் வேறு வடு இருக்கும். மிளகுக்கொடி ஏறிய மரத்தடியிலும் பலாவடியிலும் நிறுத்தும் வண்டியில் விழுந்த பறவை எச்சம் காய்ந்து, கழுவிய பிறகும் மங்கிய வட்டமாக நிற்கும். எச்சத்திலுள்ள யூரிக் அமிலமும் வெயிலும் சேர்ந்தால் மேல் வார்னிஷ் அரிபடும்.

இந்த இரண்டுக்கும் மருந்தென்று விற்கப்படுவதுதான் பி.பி.எஃப். எனப்படும் நிறமற்ற பாதுகாப்புப் படம். அதற்கு இங்கே இவ்வளவு கிராக்கி வந்ததற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 அன்றுதான் மீண்டும் வழி திறந்தது. வந்த வண்டிகளும் வரியோடு சேர்ந்து எட்டாத விலையில் நின்றன. வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்தாகக் கார் ஆகிவிட்ட நாட்டில், அதன் பெயின்டைக் காப்பாற்ற நினைப்பது ஆடம்பரமல்ல. ஆனால் அந்தக் கவலையை நம்பி விற்கப்படும் எல்லாவற்றுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ஹெலிகொப்டர் விசிறிகளைக் கல்லிலிருந்தும் மணலிலிருந்தும் காக்க உருவான பொருளின் வாரிசு இந்தப் படம். நல்லது பொலியூரத்தேன் வகை. தடிப்பு பொதுவாக 150 முதல் 200 மைக்ரோன். ஒரு காரின் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரோன் அளவுதான். அதனால்தான் படம் கல்லடியைத் தாங்குகிறது. ‘செரமிக் கோட்டிங்’ என்பது சில மைக்ரோனுக்கு மேல் போகாத மெல்லிய பூச்சு. அது பளபளப்பைத் தரும், தண்ணீரை வழியவிடும், கல்லைத் தடுக்காது. இரண்டையும் ஒன்றுபோலப் பேசும் கடையில் காசு கொடுக்காதீர்கள்.

‘கீறல் தானாக ஆறும்’ என்பதும் பாதி உண்மைதான். துணியால் துடைக்கும்போது விழும் மெல்லிய கோடுகள் வெயில் சூட்டில் மறையும். சாவியால் ஆழமாகக் கிழித்தது மறையாது. நசுங்கலையோ விபத்தையோ எந்தப் படமும் தடுக்காது.

விலையைத் தீர்மானிப்பவை படத்தின் தரமும் கைவேலையும். வழக்கமான ரோல் 1.52 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். சிறிய கார் ஒன்றை முழுதாக மூட ஏறத்தாழ ஒரு ரோல் போகும், வேலையும் சில நாள் எடுக்கும். என் கணிப்பில், நம் பக்கத்துச் சாதாரணக் காருக்கு முழு உடம்பையும் மூடுவது வீண். பொனட், முன் பஃபர், கண்ணாடிக் காதுகள், கதவுக் கைப்பிடிக் குழி ஆகியவை போதும், கல்லும் நகமும் படும் இடங்கள் அவைதானே. விலை கேட்கும்போது அதே பாகங்களுக்குத் திரும்பப் பெயின்ட் அடிக்க எவ்வளவு என்று ஒரு பெயின்ட் பாஸிடமும் கேளுங்கள். படத்தின் விலை அதைவிடப் பல மடங்கானால் யோசியுங்கள்.

பலர் அறியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. தொழிற்சாலைப் பெயின்ட் ஏறத்தாழ 140 பாகை சூட்டில் சுடப்பட்டு இறுகுவது. கராஜில் அடிக்கும் பெயின்டுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. ரீகண்டிஷன் வண்டிகளிலும் கைமாறிய வண்டிகளிலும் ஒரு கதவாவது மறுபடி அடித்ததாக இருக்கக்கூடும். அதன் மேல் ஒட்டிய படத்தை நாளைக்குக் கழற்றும்போது பெயின்டும் சேர்ந்து உரிந்து வரலாம், அதற்கு உத்தரவாதம் கிடைக்காது. ஆகவே முதலில் தடிப்பு அளக்கும் கருவியால் ஒவ்வொரு பாகத்தையும் அளக்கச் சொல்லுங்கள். புதிதாக அடித்த பெயின்டானால் ஒரு மாதமாவது பொறுங்கள்.

மற்றொன்று, கத்தி. படத்தை வண்டியின் மேல் வைத்தே வெட்டினால் பெயின்டில் கோடு விழும். கணினியில் அளவாக வெட்டிக் கொண்டுவரும் கடையைத் தேடுங்கள். வெட்டி எறிந்த துண்டொன்றை வாங்கி இழுத்துப் பாருங்கள். பொலியூரத்தேன் நீண்டு மெல்லத் தன் அளவுக்குத் திரும்பும். மலிவான பீ.வீ.சி. விறைப்பாக நிற்கும், விரைவில் மஞ்சளாகும்.

இனிச் சட்டம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது, எழுதித் தராவிட்டாலும், அந்தச் சட்டப்படி உள்ள உத்தரவாதம். கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆகவேண்டும்.

ஆனால் அதிகாரசபைக்கான முறைப்பாடு, விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதங்களுக்குள், எழுத்தில் போக வேண்டும். கடையோ ஐந்து, பத்து வருட உத்தரவாதம் என்கிறது. படம் இரண்டாம் வருடம் மஞ்சளானால் அந்த வாசல் மூடியிருக்கும். பிறகு மிஞ்சுவது மத்தியஸ்த சபை, அதற்குமேல் நீதிமன்றம். அங்கே காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம். வெறும் வாய்வார்த்தையை நம்புபவர் இழப்பது அந்த மூன்று வருடத்தை.

எனவே தாளில் இவை இருக்கட்டும்: படத்தின் பெயர், தடிப்பு, ரோலின் தொடர் இலக்கம், ஒட்டிய பாகங்கள், திகதி, மஞ்சளாதலும் விளிம்பு உரிதலும் உத்தரவாதத்தில் அடங்குமா, கழற்றி மாற்றும் கூலி யாருடையது. உத்தரவாதம் தருவது கடையா, படத்தைச் செய்த நிறுவனமா என்றும் கேளுங்கள். கடை மூடிவிட்டால் அந்த வேறுபாடு புரியும். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதிக் கேளுங்கள். விபத்தில் கதவு மாற்றினால் படத்தின் விலையும் தானாக வரும் என்று எண்ண வேண்டாம். நிறமுள்ள படமானால் பதிவுச் சான்றிதழிலுள்ள நிறத்தையும் மாற்ற வேண்டிவரும்.

ஒட்டிய நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். மூன்றாவது மாதம் முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே வண்டியைக் கழுவி, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு விளிம்பையும் நகத்தால் தடவிப் பாருங்கள். உரிந்திருந்தாலோ, குமிழ் நின்றிருந்தாலோ, கத்திக் கோடு தெரிந்தாலோ புகைப்படம் எடுத்துக் கடைக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்டு, எழுத்து முறைப்பாட்டை அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே அனுப்பிவிடுங்கள்.