கையில் இருப்பது வேலை மட்டும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு தினமும் காலையில் அரை மணி நேரம் விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். மடங்கிக் கிடக்கும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும், நீட்ட வேண்டும், மடக்கி மறுபடியும் நீட்ட வேண்டும்.

முதல் மாதம் ஆர்வமாகச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் கையை மேஜைமேல் வைக்கச் சொல்லி, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்தேன். இரண்டாம் மாதம் அளவு அப்படியே நின்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க முயற்சியே பண்ண மாட்டேங்கிறீங்கப்பா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டார். அன்றைய பயிற்சி பத்து நிமிடத்தில் முடிந்தது.

அந்த அறைச் சுவரில் கீதாசாரம் அச்சிட்ட காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. தேரும் குதிரைகளும், கைகூப்பி நிற்கும் அர்ஜுனனும், பக்கத்திலேயே ஆறுதல் வாசகங்களும். தையல் கடையிலும் சலூனிலும் லாட்ஜ் வரவேற்பறையிலும் நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்த படம்தான். அன்று அதைப் படித்தபோது மனம் ஒட்டவில்லை. பிறகுதான் மூல நூலை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். காலண்டர் வாசகங்கள் கீதையின் 700 சுலோகங்களில் எதற்கும் நேரான மொழிபெயர்ப்பு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்றும் புரிந்தது. ஆறுதல் என்பது இழந்த பிறகு வேண்டியது. கீதை சொல்லப்பட்டதோ போர் தொடங்குவதற்கு முன்னால். வில்லைக் கீழே போட்டுவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிட்ட ஒருவனை எழுப்பி வேலைக்கு அனுப்பச் சொன்ன பேச்சு அது. அதை முடிந்துபோனதற்கான மருந்தாக மட்டும் வைத்திருந்தால், செய்துகொண்டிருக்கும் வேலைக்கு அது தரும் பலம் நமக்குக் கிடைக்காமலே போய்விடும்.

நாலாவது பகுதி

கீதையில் அதிகம் பேசப்படும் சுலோகம் இரண்டாம் அத்தியாயத்தின் 47ஆவது. கடமையைச் செய்துவிட்டுப் பலனை எதிர்பார்க்காதே என்று சுருக்கி அதை நாம் சொல்வது வழக்கம். அந்தச் சுருக்கத்தில் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகிறது.

சுலோகத்தில் நாலு பகுதிகள் உண்டு. உனக்கு அதிகாரம் செயலில்தான் இருக்கிறது என்பது முதல் பகுதி. பலன்களில் அந்த அதிகாரம் இல்லை என்பது இரண்டாவது. பலனுக்கு நானே காரணம் என்று நினைக்காதே என்பது மூன்றாவது. நாலாவது, செயலற்று இருப்பதில் பற்று வைக்காதே என்பது. பலன் கையில் இல்லையென்றால் எதற்காக உழைக்க வேண்டும் என்ற கேள்வி நமக்கு எழுமுன்பே சுலோகம் அந்தக் கதவை அடைத்துவிடுகிறது.

ஆசைப்படாதே என்று இந்தச் சுலோகம் சொல்லவில்லை. திட்டமிடாதே என்றும் சொல்லவில்லை. அது பயன்படுத்தும் சொல் 'அதிகாரம்'. எது உன் ஆளுகைக்குள் இருக்கிறதோ அங்கே உன் முழுக் கவனத்தையும் வை என்கிறது. ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அப்பாவின் கையைப் பார்க்கவில்லை. என் தவறு அங்கேதான் இருந்தது.

பலன் நம் ஆளுகையில் இல்லை என்பதற்கான காரணத்தைக் கீதை பதினெட்டாம் அத்தியாயத்தில் விளக்குகிறது. எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும்: செயலுக்கு இடமாகிய உடல், செய்கிறவன், கருவிகள், பலவகையான முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். செய்கிறவன் இந்த ஐந்தில் ஒருவன் மட்டுமே.

பிளஸ் டூ எழுதும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். படித்தது அவள். ஆனால் அன்றைய உடல்நிலை, கேள்வித்தாள், திருத்துகிறவரின் பார்வை, அந்த ஆண்டு போட்டியிட்டவர்கள், கல்லூரியில் இருக்கும் இடங்கள் என்று எத்தனையோ சேர்ந்துதான் முடிவு வருகிறது. மதிப்பெண் குறைந்ததும் முழுக் குற்றத்தையும் அவள் தலையில் சுமத்துவது அநியாயம் மட்டுமல்ல, தவறான கணக்கும்கூட. நிறைய வாங்கியதும் முழுப் பெருமையையும் தானே எடுத்துக்கொள்வதும் அதே தவறான கணக்குதான். கீதை சொல்லும் ஐந்து காரணங்களையும் மனதில் வைத்து ரிசல்ட் நாளைக் கடக்கும் வீட்டில் அழுகை வரலாம். பிள்ளை மேல் அடி விழாது.

கூலி கேட்காதே என்றா பொருள்?

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். சம்பள உயர்வு கேட்கும் தொழிலாளியின் வாயை அடைக்க இதே சுலோகத்தைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். மருமகளிடமும் சொல்கிறார்கள், பயிற்சி ஊழியரிடமும் சொல்கிறார்கள். இந்தப் போதனைக்கு நேரும் பெரிய அநீதி அதுதான்.

இது செய்கிறவன் தன் மனதுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். வேலை வாங்குகிறவன் கையில் எடுக்கும் பிரம்பு அல்ல. மூன்றாம் அத்தியாயம் இன்னும் கடுமையாகப் பேசுகிறது: பெற்றதற்குத் திருப்பிக் கொடுக்காமல் தானே அனுபவிக்கிறவனைத் திருடன் என்றே அழைக்கிறது. உழைப்பை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைப்பவர் படிக்க வேண்டியது அந்த இடத்தை. நியாயமான கூலியைக் கேட்பதும் ஒரு செயல்தான், அதைக் கேட்கும் அதிகாரம் உழைத்தவருக்கு உண்டு.

தூது போனவனுக்கு ஒரு கோயில்

பலனில் பற்றில்லாமல் வேலை செய்வது எப்படி இருக்கும்? சொன்னவனே அதைச் செய்து காட்டினான். போருக்கு முன் கண்ணன் பாண்டவர்களுக்காக அஸ்தினாபுரத்துக்குத் தூது போனான். துரியோதனன் இணங்க மாட்டான் என்று விதுரர் எச்சரித்தார். மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் கண்ணன் அவருக்குச் சொல்லும் பதிலின் சாரம் இது: அறமான ஒன்றுக்காகத் தன்னால் முடிந்தவரை முயன்றவன் அதை அடையாவிட்டாலும், முயன்றதன் புண்ணியம் அவனுக்கு உண்டு. சமாதானத்துக்கு முயலாமலே இருந்துவிட்டான் என்ற பழி வரக் கூடாது என்றும் எண்ணினான்.

போனான், பேசினான், தூது தோற்றது, போர் வந்தது. ஆனால் காஞ்சிபுரத்தில் திருப்பாடகம் போய்ப் பாருங்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான அந்தக் கோயிலில், அமர்ந்த கோலத்தில் கூரையை நோக்கி ஓங்கியிருக்கும் பெருமாளுக்குப் பெயர் பாண்டவ தூதர். நம் முன்னோர் கோயில் கட்டி வணங்கியது வென்ற தூதனை அல்ல. தோற்கும் என்று தெரிந்தும் முழு மனதோடு போய்ப் பேசிய தூதனை. பேசினாலும் பலன் இருக்காது என்று நாம் தள்ளிப்போடும் எத்தனையோ பேச்சுகள் உண்டு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில், பிரிந்து நிற்கும் நண்பர்களுக்கு நடுவில். அப்படித் தள்ளிப்போடுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை அந்தச் சந்நிதியில் நின்று பார்க்கலாம்.

கசாப்புக் கடையில் ஒரு குரு

அலுவலகம், அடுப்படி, பிள்ளைகள், இதற்கு நடுவில் ஆன்மிகத்துக்கு எங்கே நேரம் என்று கேட்கிறோம். மகாபாரதத்தின் வன பர்வம் இதற்குப் பதிலாக ஒரு கதையே சொல்கிறது. கௌசிகன் என்ற தவசி, தன்மேல் எச்சமிட்ட கொக்கை ஒரு பார்வையில் வீழ்த்தினான். பிறகு ஒரு வீட்டில் பிச்சை கேட்டு நின்றான். கணவனுக்கு உணவிட்டுக்கொண்டிருந்த பெண் அவனைக் காக்க வைத்தாள். கோபத்தோடு பார்த்தவனிடம், கொக்கின் சங்கதி தனக்குத் தெரியும் என்று அவள் உணர்த்தினாள். வாசுகியையும் கொங்கணவரையும் வைத்து இதே கதை தமிழ்நாட்டில் வழங்குகிறது. 'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா' என்ற சொலவடை அதிலிருந்து வந்ததுதான்.

நாம் பெரும்பாலும் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறோம். மகாபாரதம் நிறுத்தவில்லை. அந்தப் பெண் அவனை மிதிலைக்கு, தர்மவியாதன் என்ற இறைச்சி வியாபாரியிடம் அனுப்புகிறாள். அந்த வியாபாரி தன் கடையில் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்க்கிறான். பிறகு தவசியைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் வயதான தாய் தந்தையரைக் காட்டி, இவர்களே என் தெய்வங்கள், இவர்களுக்குச் செய்வதே என் பூசை என்கிறான். விவேகானந்தர் நியூயார்க்கில் கர்ம யோகம் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இந்தக் கதையை எடுத்துச் சொன்னார். தவம் காட்டில் மட்டும் இல்லை, தராசிலும் இருக்கலாம், படுக்கை விரிப்பை மாற்றும் கையிலும் இருக்கலாம் என்பதுதான் அதன் செய்தி.

மடங்கிய விரல்களின் திறமை

மடங்கிய விரல்கள் என்றால் மதுரைக்காரர்களுக்கு ஒருவர் நினைவு வரும். டாக்டர் கோ. வெங்கடசாமி, 1918இல் வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். ராணுவ மருத்துவராக இருந்தபோது கடுமையான முடக்குவாதம் தாக்கியது. பேனா பிடிக்கவும் முடியாத நிலை. மகப்பேறு மருத்துவராகும் கனவு போனது. கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களால் கத்தியைப் பிடிக்கத் தானே பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைசிகிச்சைகளைச் செய்தார்.

1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனை தொடங்கினார். தன் வாழ்வை வழிநடத்திய ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே அதற்கு வைத்தார். வசதியுள்ளவர்கள் கட்டும் பணத்தில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை என்ற ஏற்பாடு. ஒரே மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேஜைகள்: ஒரு மேஜையில் அறுவைசிகிச்சை முடிவதற்குள் அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாது என்றதும் 1992இல் ஆரோலேப் தொடங்கி, லென்ஸை இங்கேயே குறைந்த விலையில் தயாரித்தார்கள்.

யோகம் என்பது செயலில் திறமை என்று இரண்டாம் அத்தியாயத்தின் 50ஆவது சுலோகம் சொல்கிறது. அதன் பொருளை இந்த மருத்துவமனையில் பார்க்கலாம். பலனில் பற்றில்லை என்றால் கணக்கு வேண்டாம், அளவு வேண்டாம் என்பதல்ல. அங்கே எல்லாமே கணக்குதான். 'எனக்கு என்ன கிடைக்கும்' என்ற கவலை விலகியதால் விடுபட்ட கவனம் முழுவதும் வேலைக்குள் போய்ச் சேர்ந்தது.

தொன்னையில் கிடைத்தது

சரி, பலன் வந்தபின் அதை எப்படி வாங்கிக்கொள்வது? மஞ்சக்குடியில் பிறந்து ஆனைகட்டியில் குருகுலம் அமைத்த சுவாமி தயானந்த சரஸ்வதி, பிரசாத புத்தி என்று இதற்குப் பெயர் சொல்லிக் கற்பித்தார். கோயிலில் தொன்னையில் பொங்கல் தருகிறார்கள். ஒருவருக்கு முந்திரி வருகிறது, ஒருவருக்கு மிளகு வருகிறது. யாரும் சண்டை போடுவதில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுகிறோம். கொடுத்த இடத்தின்மேல் இருக்கும் மரியாதையால் அளவு பெரிதாகத் தெரிவதில்லை. வேலையைப் படையலாகச் செய்தவருக்கு, வரும் பலன் பிரசாதம்.

தினசரியில் இதைப் பழகப் பெரிய சடங்கு ஒன்றும் வேண்டாம். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் வாசலில் நின்று, இதில் என் கையில் இருப்பது என்ன என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும். விருந்தாளி என்ன சொல்வாரோ என்று பதறும் கையில் உப்பு கூடிவிடும், சாம்பாரின் கொதியைப் பார்க்கும் கையில் கூடாது. போட்ட படத்துக்கு எத்தனை லைக் வந்தது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுக்கும்போது, அங்கே எனக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். போன் தானாகக் கீழே போகும்.

என் வீட்டில் ஸ்கேல் மேஜை டிராயருக்குள் போனது. அளப்பதை மாதம் ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்ட் பார்த்துக்கொள்கிறார். காலை அரை மணி நேரம் எனக்கு அப்பாவின் விரல்களைத் தவிர வேறு வேலை இல்லை. எந்த மூட்டில் வலிக்கிறது, எண்ணெயைச் சூடாக்கினால் எது இளகுகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவரும் பேச ஆரம்பித்தார். தன் முதல் சம்பளத்தில் பாட்டிக்கு வாங்கிய புடவையைப் பற்றி ஒருநாள் சொன்னார். இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத கதை.

விரல்கள் முழுதாக விரியவில்லை. டம்ளரை இரண்டு கையாலும்தான் பிடிக்கிறார். நாளை காலையும் அவர் வலது கையை நீட்டுவார், நான் சுண்டுவிரலிலிருந்து தொடங்குவேன்.