இளநீர் மட்டும் போதுமா?

பள்ளி விடுமுறைக்குப் பாகான் டத்தோ வந்த இடத்தில் அம்மாவுக்கும் நான்கு வயது மகனுக்கும் ஒரே இரவில் வாந்தி, வயிற்றுப்போக்கு. தென்னந்தோப்பு ஊர் அல்லவா, பாட்டி உடனே இளநீர் வெட்டித் தருவார். நல்ல மனசுதான். ஆனால் இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம். வயிற்றுப்போக்கில் நாம் மிகுதியாக இழக்கும் சோடியம் குறைவு.

மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியில் உப்பும் சர்க்கரையும் அளவோடு இருக்கும்; அதைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். ஏன் சர்க்கரை? சிறுகுடல் சுவரில் ஒரு கதவு உண்டு. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும். பின்னாலேயே தண்ணீரும் நுழையும். நோய் வந்தாலும் இந்த வழி முழுதாக அடைபடுவதில்லை. சர்க்கரை கூடிப்போனால் குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு மோசமாகும். ஆகவே இனிப்புப் பானம் வேண்டாம்.

1971இல் மேற்கு வங்க அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இதே வகைக் கரைசலைக் கொடுத்தே, சுமார் 30 சதவீதமாக இருந்த காலரா இறப்பை 3.6 சதவீதமாகக் குறைத்தார்.

வாந்தி எடுத்த பிள்ளைக்குப் பத்து நிமிடம் பொறுத்து, கரைசலைத் தேக்கரண்டியால் ஒவ்வொரு வாயாகக் கொடுங்கள். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, பிள்ளை துவண்டாலோ வீட்டில் காத்திருக்காதீர்கள்; உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.