குடுவைக்குள் 67 ஆண்டுகள் கிடந்த சிங்கி இறால்

5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஓர் இறால் இனத்தின் உறவு, வாஷிங்டனில் எரிசாராயக் குடுவைக்குள் பெயரில்லாமல் கிடந்தது. அதைப் பிடித்த இடம் நமக்கு அதிகத் தொலைவில்லை. கிளந்தான், திரெங்கானு கரைகளில் அலையடிக்கும் தென்சீனக் கடலின் மறுகரையில், பிலிப்பீன்சின் லுபாங் தீவருகேதான் அது சிக்கியது.

'அல்பட்ராஸ்' என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் 1907 முதல் 1910 வரை பிலிப்பீன்சுக் கடலை ஆராய்ந்தது. 1908இல் ஒருநாள் ஏறக்குறைய 185 மீட்டர் ஆழத்தில் வலையை இழுத்தபோது, மற்ற உயிரினங்களோடு இந்த இறாலும் மேலே வந்தது. கப்பலில் இருந்தவர்கள் அதைக் குடுவையில் இட்டு, பிடித்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து வைத்தார்கள். குடுவை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதன்பின் பல பத்தாண்டுகள் அது என்னவென்று யாரும் கேட்கவில்லை.

பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஜாக் ஃபாரெஸ்ட், மிஷெல் த சான் லோரான் இருவரும்தான் அதை அடையாளம் கண்டார்கள். டைனோசர் காலத்துக் கடல்களில் ஏராளமாக வாழ்ந்த, புதைபடிவமாக மட்டுமே அறியப்பட்ட கிளைஃபியா வகை இறால்களோடு அது ஒத்துப்போனது. 1975இல் 'நியோகிளைஃபியா இனோபினாட்டா' என்று பெயரிட்டார்கள். இனோபினாட்டா என்றால் 'எதிர்பாராதது'. இதைவிடப் பொருத்தமான அறிவியல் பெயரை நான் கண்டதில்லை!

நாம் சந்தையில் பார்க்கும் சிங்கி இறால் போல இது இருக்காது. கண்கள் பெரியவை. நண்டுக்கு இருப்பது போன்ற முழுமையான கொடுக்கு கிடையாது. நீண்ட முன்கால்களின் நுனி, பேனாக்கத்தியின் அலகு மடிவதுபோல மடிந்து இரையைப் பிடிக்கும்.

ஆனால், கையில் இருந்ததோ ஒரே ஒரு ஆண் இறால். பெண் எப்படி இருக்கும்? இன்னும் உயிரோடு இருக்கின்றனவா? இங்கேதான் 1908ஆம் ஆண்டுக் குறிப்பு கைகொடுத்தது. எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று தெரிந்திருந்ததால், 1976இல் ஒரு பிரெஞ்சு ஆய்வுக் குழு நேரே அங்கே போய் வலை வீசியது. ஒன்பது இறால்கள் கிடைத்தன. அந்தக் குறிப்பு இல்லாமல் போயிருந்தால், இவ்வளவு பெரிய கடலில் எங்கே போய்த் தேடுவது? ஆய்வுக்கூடப் பயிற்சியில் தேதியையும் இடத்தையும் எழுதச் சொன்னால் அலுத்துக்கொள்கிறோம். கண்டுபிடித்தவர்களுக்கு இணையான பங்கு, கப்பலில் அந்தக் குறிப்பை எழுதியவருக்கும் உண்டு என்பேன்.

இந்த வகையின் பழைய புதைபடிவங்கள் பெரும்பாலும் ஆழமில்லாத கடல்களின் படிவுகளில் கிடைத்தவை. உயிரோடு இருப்பவையோ வெப்பமண்டலக் கடலின் ஆழத்தில் வாழ்கின்றன. கரையோரம் வாழ முடியாமல் போன பிறகு ஆழமே இவற்றுக்குப் புகலிடம் ஆகியிருக்கலாம்.

2005இல் இன்னொரு ஆச்சரியம். நியூ கலிடோனியாவுக்கு மேற்கே, பவளக்கடலில், இதே வகையைச் சேர்ந்த இரண்டாவது இனத்தின் பெண் இறால் ஒன்று சிக்கியது. பிலிப்பீன்சு இறால் சேற்றுத் தரையில் வாழ்வது. இதுவோ பாறைத் தரையில் கிடைத்தது. வேறுபாடுகள் அதிகம் என்பதால் ஃபாரெஸ்ட் இதற்கெனத் தனிப் பேரினமே அமைத்து, 'லோரென்டேகிளைஃபியா' எனப் பெயரிட்டார். 1975இல் தம்மோடு முதல் இறாலை அடையாளம் கண்ட மிஷெல் த சான் லோரானின் நினைவாக வைத்த பெயர் அது. இரண்டாவது இறால் வலையில் ஏறியபோது அவர் உயிருடன் இல்லை.