ஈன்ற பசுவின் உணவு

சென்ற கோடை விடுமுறையை இடக்கொச்சியில் என் மாமா வீட்டில் கழித்தேன். அவர்களுடைய கலப்பினப் பசு ஒரு மாலை கன்று ஈன்றது. சீம்பால் நிறையக் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் விடியலில் பசு எழுந்திருக்கவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் போட்டுக் கிடந்தது. காதைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. "பால் காய்ச்சல்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். உடம்பு குளிர்ந்துபோகும் நோய்க்குக் காய்ச்சல் என்று பெயரிட்டவர் யாரோ!

கால்நடை மருத்துவர் வந்து கழுத்து இரத்தக்குழாயில் கால்சியம் ஏற்றினார். ஒரு மணி நேரத்திற்குள் பசு எழுந்து நின்றது.

"சினையிலேயே கால்சியம் மருந்து கொடுத்திருந்தால் இது வந்திராதே, டாக்டர்?" என்று மாமா கேட்டார்.

"கொடுத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்" என்றார் அவர்.

வேதியியல் மாணவனாகிய எனக்கும் இது புதிராகவே இருந்தது. பிறகு படித்தறிந்ததைச் சங்க நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு லிட்டர் சீம்பாலில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உண்டு. பசுவின் இரத்தநீர் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருப்பதோ 3 கிராம் அளவுதான். ஐந்து லிட்டர் கறந்தால் 10 கிராம் போய்விடுகிறது! குறைவை எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் எடுத்து ஈடு செய்ய ஏவுவது பாராதைராய்டு சுரப்பி. சினையின் கடைசி வாரங்களில் கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால் அதற்கு வேலையே இல்லை. ஈன்றதும் அது விழித்துக்கொள்ளச் சில நாட்களாகும். அம்மாதத்தில் கால்சியத்தைக் குறைத்துக் கொடுத்தால் நோய் தடுக்கப்படுகிறது என்பதைக் கலிபோர்னியாவில் போடா, கோல் என்னும் இருவர் 1954இல் காட்டினர்.

பசு எழுந்து நின்றதோடு கதை முடியவில்லை. நான்காம் நாள் ஒரு காம்பில் பால் திரிந்து வந்தது; மடியின் அப்பகுதி கல்லாக இறுகிற்று. இதற்கும் கால்சியத்திற்கும் உறவுண்டு. கிருமியைக் கண்ட வெள்ளணு, தன்னுள் சேமித்த கால்சியத்தை அவிழ்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. ஈனும் சமயத்தில், இரத்தத்தில் கால்சியம் குறையுமுன்பே, வெள்ளணுக்களின் அந்தச் சேமிப்பு குறைந்துவிடுகிறது என்று 2006இல் அமெரிக்காவில் கிமுராவும் அவர் தோழர்களும் கண்டனர். காம்பின் வாயை மூடும் தசையும் கால்சியமின்றித் தளர்கிறது. கிருமிக்குக் கதவு திறந்திருக்கிறது, காவற்காரனோ தூங்குகிறான்.

உணவுக் குறை வேறு. ஈன்ற பசுவுக்குப் பால் பெருகுகிறது, பசியோ குறைகிறது. உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் சேர்கிறது. கீட்டோன்கள் மிகுந்து மூச்சில் ஒரு வகை இனிப்பு மணம் வருகிறது. வெள்ளணுக்கள் மேலும் சோர்கின்றன. இளங்கொடி விழுவதற்கும் வெள்ளணுக்களின் துணை வேண்டுமாம்! விழுந்த கொடியை நம் ஊரில் ஆலமரத்தில் கட்டுவோமே, அதைப் பற்றி இப்படி ஒரு செய்தி இருக்குமென நான் எண்ணியதில்லை. வெள்ளணுக்களைக் காக்கும் வைட்டமின் ஈ பசும்புல்லில் நிறைய உண்டு. காய்ந்த வைக்கோலில் அற்பம்.

மாமா வீட்டுத் தவறு இங்கேதான். "கறக்காத மாட்டுக்கு எதற்குத் தீவனம்?" என்று வற்றுக்காலம் இரண்டு மாதமும் வெறும் வைக்கோல். ஈன்ற அன்றே தேங்காய்ப் பிண்ணாக்கும் கஞ்சியும் கொட்டினார்கள். அப்படித் திடீரென்று கொட்டினால் வயிற்றில் புளிப்பேறும். அவரை மட்டும் குறை சொல்லவும் மனமில்லை. காயலோரத்து உப்பு மண்ணில் பொக்காளி நெல் விளையும். நல்ல புல் விளைவது அரிது. காயலின் கிழக்குக் கரையில் வெச்சூர்க் குட்டைப் பசு நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்து, கிடைத்ததைத் தின்று வாழ்ந்தது. 1963இல் மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தால் சுவிஸ் காளையின் இரத்தம் கேரளத்து மாடுகளில் கலந்தது, பால் பன்மடங்காயிற்று. பால் பெருகியதற்கு ஏற்பத் தீவனம் பெருகவில்லை.

அந்தக் காம்பில் இன்றுவரை பால் இல்லை. பசு மறுபடி சினை. உப்புநீர் ஏறாத மேட்டில் நேப்பியர்ப் புல் நட்டிருப்பதாகவும், ஈன்றபின் தீவனத்தைச் சிறிது சிறிதாகவே கூட்டப்போவதாகவும் மாமா எழுதியிருக்கிறார். கால்சியம் மருந்துப் புட்டியை அத்தை பரணில் ஏற்றிவிட்டார்களாம், ஈன்ற பிறகு எடுத்துக்கொள்ளலாமென்று.