ஒரே ஒரு கேசட் காப்பாற்றிய பாடல்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் "இதில் வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்டால், நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். "வீட்டில் பழைய கேசட் இருக்கிறதா?" பெரும்பாலும் இருக்கும். பரணில் ஒரு அட்டைப் பெட்டிக்குள் தூசி படிந்து கிடக்கும். சினிமாப் பாட்டு கேசட் என்றால் கவலை இல்லை. அது வேறு எங்காவது கிடைத்துவிடும். வேறு எங்குமே கிடைக்காத கேசட்டுகளைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டு கேசட் ஒன்றைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2002ஆம் ஆண்டு கானாவின் கேப் கோஸ்ட் நகரில் பிரையன் ஷிம்கோவிட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் சாலையோரத்தில் ஒரு கேசட் வாங்கினார். பாடியவர் பெயர் அட்டா காக். கேசட்டின் பெயர் 'ஒபா சிமா'. கீபோர்டும் டிரம் மெஷினும் துள்ள, ட்வி மொழியில் மூச்சு விடாமல் ராப் பாடியிருந்தார். ஃபங்க், ஹைலைஃப், ஹவுஸ் என்று பல இசைகள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கூடவே கேசட்டுக்கே உரிய 'உஸ்ஸ்' என்ற இரைச்சல். 2006இல் ஷிம்கோவிட்ஸ் 'ஆசம் டேப்ஸ் ஃப்ரம் ஆப்பிரிக்கா' என்ற வலைப்பதிவைத் தொடங்கி, இந்தக் கேசட்டைத்தான் முதலில் அதில் போட்டார். உலகம் முழுக்கக் கேட்டார்கள். பாடியவர் யார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

பல ஆண்டு தேடலுக்குப் பிறகு ஆள் கிடைத்தார். அவருடைய உண்மைப் பெயர் யா அட்டா-ஒவுசு. கானாவிலிருந்து ஜெர்மனி போய், அங்கிருந்து கனடாவின் டொரண்டோ நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கே வீட்டிலேயே பதிவு செய்த பாடல்கள் அவை. அட்டாரி கம்ப்யூட்டரையும் பயன்படுத்தியிருக்கிறார்! 1994இல் கேசட் வெளிவந்தது. போட்டது சுமார் 50 பிரதிகள்தான். விற்பனை பெரிதாக இல்லை. பிறகு அவர் கானாவுக்கே திரும்பிவிட்டார். தன் பாட்டை வெளிநாட்டுக்காரர்கள் கேட்டுக் கொண்டிருப்பது அவருக்கே தெரியாது.

இதை முறையாக மறுபடி வெளியிட முடிவு செய்தபோதுதான் சிக்கல் வந்தது. அவரிடம் இருந்த மூலப் பதிவு 'டாட்' எனப்படும் டிஜிட்டல் ஆடியோ டேப்பில் இருந்தது. சோனி நிறுவனம் 1987இல் கொண்டு வந்த, அந்தக் காலத்தில் மிக உயர்ந்ததாகக் கருதப்பட்ட டேப் அது. அது பயன்படுத்த முடியாதபடி சிதைந்து போயிருந்தது. கடைசியில் 2015இல் வெளியான பதிப்பைத் தயாரிக்கக் கைகொடுத்தது எது தெரியுமா? ஷிம்கோவிட்ஸ் சாலையோரத்தில் வாங்கிய அதே கேசட்!

டிஜிட்டல் டேப்பில் இருப்பது எண்கள். கொஞ்சம் எண்கள் அழிந்தால் கருவி சமாளித்துவிடும். அதற்கு மேல் அழிந்தால் ஒலி துண்டு துண்டாக அறுந்து, ஒன்றுமே கேட்காது. சாதாரண கேசட் அப்படி இல்லை. மங்கும், இரையும், இழுக்கும். ஆனாலும் பாடிக் கொண்டே இருக்கும்.

அந்த ஒலி எப்படி வருகிறது?

இத்தகைய இசையை 'அண்டர்கிரவுண்ட்' என்கிறார்கள். பெரிய கம்பெனிகள் பக்கம் போகாமல் தாங்களே பதிவு செய்து, தாங்களே ஐம்பதோ நூறோ பிரதி போட்டு வெளியிடுவது. 'லோ-ஃபை' என்றால் ஒலித் தரம் குறைந்த பதிவு. ஃபங்க் என்பது 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் உருவான இசை. ஜேம்ஸ் பிரவுன் பெயரைக் கேட்டிருப்பீர்கள். மெட்டைவிட தாளமும் பேஸ் கிட்டாரும்தான் அதில் முக்கியம். எதிரொலி, நெளியும் சுரம் என்று கனவில் கேட்பது போன்ற மயக்கத்தை உண்டாக்கும் இசைக்கு சைக்கடெலிக் என்று பெயர். இவை மூன்றும் சேர்ந்த ஒலிக்கு ஒரு மூதாதை உண்டு. ஸ்லை ஸ்டோன் 1971இல் வெளியிட்ட 'தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன்' ஆல்பம். ஒரே டேப்பின் மேல் திரும்பத் திரும்பப் பதிவு செய்ததில் ஒலி தேய்ந்து, போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் ஆகிவிட்டது. அந்த மங்கலே அதன் அழகாகவும் ஆயிற்று.

1979இல் டாஸ்கம் நிறுவனம் 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்ற கருவியைக் கொண்டு வந்தது. சாதாரண கேசட்டிலேயே நான்கு தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். முதலில் டிரம், அதைக் கேட்டபடியே பேஸ், பிறகு கிட்டார். மூன்றையும் கலந்து நான்காவது தடத்திற்கு மாற்றிவிட்டால், முதல் மூன்று தடங்களும் மறுபடி காலி. இப்படி ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இரைச்சல் கூடும். வீட்டு அறையே ஸ்டூடியோ ஆனது இந்தக் கருவியால்தான்.

கேசட்டின் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலம். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஸ்டூடியோ டேப் நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். இவ்வளவு குறுகிய இடத்தில் இவ்வளவு மெதுவாக ஓடினால் இரைச்சல் வராமல் என்ன செய்யும்? மோட்டார் வேகம் சற்று ஏறி இறங்கினால் சுரம் நெளியும். பதிவு அளவைக் கூட்டி வைத்தால் டிரம் ஒலி அமுங்கித் தடித்துக் கேட்கும். இவையெல்லாம் குறைகள்தான். ஆனால் ஃபங்க் இசையில் அந்தத் தடித்த டிரம்மும் நெளியும் கீபோர்டும்தான் பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும்தான்.

நான் செய்த தவறு

இது தெரியாமல் நான் ஒரு கேசட்டைக் கெடுத்தேன். 1988இல் எங்கள் ஊர்த் திருவிழாவில் என் மாமா பதிவு செய்த நையாண்டி மேளம். கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் அதை மாற்றினேன். இரைச்சலை நீக்கும் வசதியை முழு அளவுக்குத் தள்ளினேன். இரைச்சல் போயிற்று. கூடவே ஜால்ராவின் 'சிலீர்' ஒலியும் போயிற்று. தண்ணீருக்குள் கேட்பது போல் ஒரு குமிழி ஒலிதான் மிஞ்சியது. அதை அதே பெயரில் சேவ் செய்து பழைய ஃபைலையும் அழித்துவிட்டேன். சரி, மறுபடி பதிவு செய்யலாம் என்று கேசட்டைப் போட்டால், டேப் ரிக்கார்டர் நாடாவை இழுத்துச் சுருட்டிக் கொண்டது. மாமாவிடம் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை.

எனவே நீங்கள் இப்படிச் செய்யுங்கள். முதலில் டேப் ரிக்கார்டரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஏதாவது ஒரு வேண்டாத கேசட்டைப் போட்டு நாடா சிக்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். (நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.) பிறகு, கம்ப்யூட்டரின் பின்புறம் வெளிர் நீல நிறத்தில் 'லைன் இன்' துளை இருக்கும். டேப் ரிக்கார்டரின் லைன் அவுட் அல்லது ஹெட்போன் துளையிலிருந்து அதற்கு ஒயர் கொடுங்கள். லேப்டாப்களில் பெரும்பாலும் லைன் இன் இருக்காது. அதற்கென்று யுஎஸ்பி ஆடியோ கருவி வாங்க வேண்டும். மைக் துளையில் செருகாதீர்கள், ஒலி கரகரக்கும்.

சாஃப்ட்வேர், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போதும். சிவப்பு வட்டமுள்ள ரிக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு கேசட்டை ஓட விடுங்கள். ஒலி அளவு காட்டும் பட்டை மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக் கொள்ளுங்கள். டேப்பில் அளவு மீறினால் ஒலி மெதுவாக அமுங்கும். கம்ப்யூட்டரில் பூஜ்யத்தைத் தாண்டினால் ஒலி அலையின் தலை வெட்டப்பட்டு, பட் பட் என்று வெடிக்கும். அதைத் திருப்பிச் சரி செய்வது கடினம்.

முடிந்ததும் வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், ஸ்டீரியோ என்ற அளவில் நிமிடத்திற்குச் சுமார் 10 மெகாபைட் ஆகும். 60 நிமிட கேசட்டுக்கு சுமார் 635 மெகாபைட். இடம் போகிறதே என்று நேரடியாக எம்பி3 ஆக்கிவிடாதீர்கள். எம்பி3 காதுக்குத் தெரியாது என்று தான் கருதும் ஒலிகளை வெட்டிவிடும். கேசட் இரைச்சலோடு கலந்த மெல்லிய ஒலிகள் அதில் அடிபடும். இடம் குறைய வேண்டும் என்றால் ஃப்ளாக் ஃபைலாக மாற்றுங்கள். ஏறக்குறைய பாதி இடம்தான் பிடிக்கும், எதையும் வெட்டாது.

இந்த முதல் ஃபைலுக்கு 'மூலம்' என்று பெயர் கொடுத்துத் தனி ஃபோல்டரில் வையுங்கள். அதை எப்போதும் தொடாதீர்கள். ஒரு நகல் எடுத்து, எடிட் வேலைகளை அதில் செய்யுங்கள். இரைச்சல் நீக்க வேண்டுமானால், பாட்டு தொடங்கும் முன் வெறும் இரைச்சல் மட்டும் உள்ள இரண்டு நொடியை மவுஸால் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்ஷன் சென்று, கெட் நாய்ஸ் ப்ரொஃபைல் கொடுங்கள். பிறகு முழுப் பாட்டையும் தேர்ந்தெடுத்து மறுபடி அதே இடத்திற்குப் போய், 6 டெசிபல் அளவில் மட்டும் நீக்கிப் பாருங்கள். ஜால்ரா, தாளக் கருவி ஒலி மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் கண்ட்ரோல்+இசட் அழுத்தி விட்டுவிடுங்கள்.

'மூலம்' ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும், வேறொரு வீட்டில் இருக்கும் உறவினரின் கம்ப்யூட்டரிலும் காப்பி செய்யுங்கள். காப்பி செய்ததைத் திறந்து, நடுவில் ஒரு நிமிடமாவது ஓடவிட்டுக் கேளுங்கள். கேசட்டின் உறையையும், அதில் கையால் எழுதியிருக்கும் பெயர், தேதி எதுவானாலும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். கேசட்டைத் தூக்கி எறிய வேண்டாம். பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில், ஸ்பீக்கர் பக்கம் வைக்காமல் வைத்திருங்கள்.