தொண்டை வலியும் கறுத்த சிறுநீரும்

தொண்டை வலியோடு காய்ச்சல் வந்த மறுநாளே சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. ஆளுக்கு இருபது வயதுதான். சர்க்கரையோ பிரஷரோ கிடையாது. உடம்புச் சூடு என்று இளநீர் குடிப்பார். நாலைந்து நாளில் நிறம் தெளியும், விஷயமும் மறந்துபோகும். இது ஐஜிஏ நெஃப்ரோபதியாக இருக்கலாம். 1968-இல் பாரிஸில் ழான் பெர்ஜே, நிக்கோல் ஆங்லே இருவரும் விவரித்த சிறுநீரக நோய்.

பி செல்லில் தொடங்கும் கோளாறு

மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்பரப்பில் கிருமிகளைத் தடுப்பது ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள். பி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களின் வழிவந்த பிளாஸ்மா செல்கள் அதைத் தயாரிக்கின்றன. இந்நோயாளிகளிடம் உருவாகும் ஐஜிஏ சிலவற்றில் காலக்டோஸ் என்ற சர்க்கரை குறைவாக இருக்கிறது. அதை அந்நியப் பொருளாக நினைத்து உடலே இன்னொரு எதிர்ப்பொருளை ஏவுகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு, ரத்தத்தோடு போய்ச் சிறுநீரக வடிகட்டிகளில் படிகின்றன. ஒரு சிறுநீரகத்தில் இத்தகைய நுண் வடிகட்டிகள் ஏறத்தாழ 10 லட்சம்.

படிந்த இடத்தில் அழற்சி கிளம்பும். மேக்ரோபேஜ், டி செல் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து கூடும். மேக்ரோபேஜை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல; சிதைந்த செல்களை அகற்றிப் புண்ணை ஆற்றுவதும் அதுதான். அழற்சி ஓயாமல் நீடித்தால், ஆற்றும் வேலையே தழும்பாக முடிகிறது. தழும்பான வடிகட்டி மீண்டும் வேலை செய்யாது.

கண்டுபிடிப்பது எப்படி?

சிறுநீர் போகும்போது பெரும்பாலும் வலி இருக்காது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் சிறுநீரக அழற்சி, தொண்டை வலிக்கு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே தெரியும். ஐஜிஏ நெஃப்ரோபதியோ ஓரிரு நாளில் தெரிந்துவிடும். ஆகவே மருத்துவரிடம் தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். சிறுநீரில் ரத்தமும் புரதமும் இருக்கிறதா என்று பார்ப்பது செலவு குறைந்த சோதனை. நோயை உறுதிசெய்யச் சிறுநீரகத் திசுவைத் துளி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வேண்டும். ஜப்பான் 1974 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறுநீர் பரிசோதனை செய்து, அறிகுறி இல்லாதவர்களையும் கண்டுபிடிக்கிறது. நம் பள்ளிகளுக்கும் இது கட்டுப்படியாகாத காரியமல்ல.

மருந்துகள்

ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும்; கூடவே எல்லா நோய் எதிர்ப்புச் செல்களையும் அடக்கும். சிறுகுடலின் கடைப்பகுதியில், பி செல்கள் திரண்டிருக்கும் இடத்தில் கரையும் பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு காப்ஸ்யூலுக்கு அமெரிக்கா 2021-இல் ஒப்புதல் தந்தது.

ஆனாலும் சிகிச்சையின் அடிப்படை உப்பைக் குறைப்பதும், பிரஷருக்கும் தரப்படும் ஏசிஇ தடுப்பான் வகை மாத்திரையும்தான். “எனக்குத்தான் பிரஷர் இல்லையே, இது எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைத்துப் புரதக் கசிவைத் தடுக்கவே அது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இம்மாத்திரை வயிற்றில் வளரும் குழந்தைக்கு ஆகாது.